க்சாவியே முசே முகம் திருப்பிய இடங்கள்

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. அப்போது ஜெயசித்ரா, மாணவன் ஒருவனின் கட்டுரையிலிருந்து நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ‘நாங்கள் கரைக்குப் போனோம். அங்கே மீன் ஏலம் விடுகிறார்கள். ஒரு அம்மா எங்களைத் திட்டினார். நாங்கள் சிரிப்போம்.’ ஒரே காலைப்பொழுது நாலு வரிக்குள் நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்குமாக அல்லாடிக்கொண்டிருந்தது. பதினாறு வருஷமாக இதே நாலு வரியைத்தான் வேறு வேறு கையெழுத்தில் படித்துக்கொண்டிருக்கிறோம் என்ற எரிச்சலில் அவள் சுண்ணாம்புக்கட்டியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

பக்கத்து வகுப்பில் ஒரே கூச்சல். அது க்சாவியேவின் வகுப்பு. இன்றைக்கும் ஆள் தாமதம், கேட்டால் டிவிஎஸ் பிப்டி மக்கர் பண்ணியது என்பார் என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது துறைத்தலைவர் மதிவாணன் வாசலில் வந்து நின்றார்.

“மேடம், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. நம்ம க்சாவியே சார் தவறிட்டாராம். காலைல ரொட்டிக் கடை வாசல்லயே விழுந்துட்டாரு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சி போச்சாம்.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு அடுத்ததையும் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு யுனிவர்சிட்டிக்காரன் மார்க் போர்ட்டல மூடிடுவான். அவரு செக்‌ஷனுக்கு இன்டர்னல் மார்க் ஒண்ணுகூட ஏறல. இப்ப என்னா பண்றது சொல்லுங்க.”

காலாப்பட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் ஒதுங்கியிருந்த தனியார் கல்லூரி அது. இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி என்று ஒரு தாள். ஒரு பிரிவு ஜெயசித்ராவுக்கு, இன்னொன்று க்சாவியேவுக்கு. ‘நான் பார்த்த ஒரு நாள்’ என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்கு இருபத்தைந்து மதிப்பெண்.

க்சாவியேவுக்கு ஐம்பத்தேழு வயது. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு குருசுக்குப்பத்துக்குத் திரும்பியவர். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இவரும் போனார். அங்கே ஒரு தபால் கிடங்கில் உறைகளைப் பிரித்து அடுக்கும் வேலை. இரண்டாவது குளிர்காலத்தில் அம்மாவுக்கு முடியவில்லை என்று வந்தவர், அம்மாவை அடக்கம் பண்ணிய பிறகும் திரும்பிப் போகவில்லை. பாஸ்போர்ட் பிரெஞ்சு, படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் தமிழ், வேலை தொகுப்பூதியம். “நீ அங்க இருந்திருந்தா இந்நேரம் ரிட்டையர் ஆயி காலாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கலாம்” என்று யாராவது சொன்னால், “இங்கயும் காலத்தான் ஆட்டிக்கிட்டிருக்கேன்” என்பார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொன்னார். பிள்ளைகள் அவரை சார் என்று கூப்பிடவில்லை. எந்த வருஷத்துப் பிள்ளை ஆரம்பித்து வைத்ததோ, எல்லாருக்கும் அவர் பிரெஞ்சு மரியாதையில் முசேதான்.

அவர் திருத்திய விதம்தான் ஜெயசித்ராவுக்கு ஆகவே ஆகாது. அவள் சிவப்பு மையால் திருத்துவாள். காலம் மாறும் இடத்திலெல்லாம் வினைச்சொல்லுக்குக் கீழே கோடு, ஓரத்தில் வட்டம், வட்டத்துக்குள் ‘கா’. ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ‘கா’ விழுந்தால் திருப்பி எழுத வேண்டும். அவள் தாழ்வாரத்தில் நடந்து போகும்போது முதுகுக்குப் பின்னால் யாராவது காக்கா மாதிரிக் கத்துவது வழக்கம். அவளும் திரும்பிப் பார்ப்பதில்லை.

க்சாவியே பேனாவையே எடுக்க மாட்டார். பின்பக்கத் தாழ்வாரத்தில், சவுக்கு மரங்களுக்கு இடையே கடல் ஒரு கீற்றாகத் தெரியும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எதிரே நின்று, எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்கிற முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். காலம் பிசகியதோ, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வார். பேச மாட்டார். படிப்பவர்கள் நிறுத்தி, வந்த வழியே வாக்கிய வாக்கியமாகத் திரும்பிப் போய், எங்கே தடம் மாறியது என்று தாங்களே கண்டுபிடித்துச் சரியாகச் சொன்னால்தான் முகம் திரும்பி வரும். கடைசியில் ஒரு மதிப்பெண் சொல்வார். “பதினாலு. ஒத்துக்கறியா? இல்லன்னா வேற எழுதிட்டு வா.” வேறு எழுதி வந்தால் பதினாறு ஆகும், பதினேழு ஆகும். எங்கும் குறித்து வைக்க மாட்டார். கடைசி நாள் வரைக்கும் பிள்ளை மேலே ஏறலாம், அதற்குள் எழுதிவைத்து எதற்கு முடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

“கடைசி நாளு நீங்க வரலன்னா?” என்று போன வருஷம் அவள் கேட்டதற்கு, “வராம எங்க போகப் போறேன்? வேற வேலயா இருக்கு?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது மதிவாணனின் மேஜைமேல் கட்டாகக் கிடந்தது. ஒரு பிரிவின் கட்டுரைகள் மொத்தமும். ஒரு தாளில்கூட ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நான்கு படிகள். எது முதலில் எழுதியது, எது கடைசி என்று அடையாளமே இல்லை.

“பாருங்க மேடம். ஒருத்தரு வருஷம் பூரா திருத்தின லட்சணம்” என்றார் மதிவாணன். “எல்லாத்துக்கும் பதினெட்டு போட்டு உட்டுடலாம். குறிப்புல ‘ஆசிரியர் மறைவு காரணமாக மதிப்பீடு நடைபெறவில்லை’ன்னு ஒரு வரி. செத்தவரப் போயி யாரு கேக்கப் போறா?”

“மதிப்பீடு நடந்துச்சி சார்.”

“எங்க நடந்துச்சி? காட்டுங்க.”

அவளால் காட்ட முடியவில்லை. நடந்ததை அவள், அவர் இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து, பத்தொன்பது பருவங்களாகப் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த மனிதர் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கழுத்தே சுளுக்கிக்கொண்டு தைலம் தடவிக்கொண்டு வந்த நாளும் அவளுக்குத் தெரியும். அதையெல்லாம் எந்தக் கட்டத்தில் ஏற்றுவது? இந்தக் கல்லூரி அவரைப் பற்றி எழுதப்போகிற கடைசி வரி ‘நடைபெறவில்லை’ என்பதாக இருக்கப்போகிறது. அதை நினைத்தபோது செத்தவர் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி வைத்திருந்தால் என்னவாம்?

“வெள்ளி அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க சார். நான் போட்டுத் தரேன்.”

“உங்க இஷ்டம். ஆனா அஞ்சுன்னா அஞ்சுதான். அவன் மெஷினு, நம்ம மாதிரி ‘செத்த இருப்பா’ன்னா இருக்க மாட்டான்.”

அடக்கமும் வெள்ளிக்கிழமைதான். அண்ணன் கிளமான் பாரிசிலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை உடலை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் சொந்தம் உள்ள வீடுகளில் அது வழக்கம்தான். விமானம் வந்தால்தான் மணி அடிப்பார்கள். நாலு மணிக்கு மாதாகோவிலில் பூசை, அது முடிந்து உப்பளம் கல்லறை.

அன்று மாலை வீட்டில் கட்டைப் பிரித்து, முதல் கட்டுரையில் சிவப்பு மையோடு இறங்கினாள். ‘கா’, ‘கா’, ‘கா’. பாதியில்தான் தெரிந்தது, அவள் கோடு போட்டுக்கொண்டிருந்தது முதல் படி. அதே பெண் எழுதிய இன்னொரு படியில் அந்த இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. அடுத்த கட்டுரையிலும் அதே கதை. தலையில் அடித்துக்கொண்டு பேனாவை மூடினாள். எது கடைசிப் படி என்று எழுதிய பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை அந்த வகுப்புக்குப் போனாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். எழுந்தவர்கள் உட்காரவில்லை.

“உக்காருங்க. உங்க சார் உங்களுக்குக் கடைசியா எவ்ளோ மார்க் சொன்னாரு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

“பதினாறு மேடம்.” “எனக்குப் பதினொண்ணு.” “பத்தொன்பது மேடம், ஆனா நான் ஒத்துக்கல.”

கடைசி பெஞ்சில் விமல்ராஜ் எழுந்து சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டான். “எனக்கு இருவத்தஞ்சு மேடம்.”

வகுப்பு மொத்தமும் திரும்பியது. முன் வரிசையிலிருந்த பூர்ணிமா, அந்த வகுப்பின் பிரதிநிதி, அவனைப் பார்த்து, “டேய், மனசாட்சியே இல்லியா? நீ படிக்கறப்ப முசே ஒன் மூஞ்சிய எங்கடா பாத்தாரு? முழுக்க முழுக்கக் கடலத்தானடா பாத்துக்கிட்டிருந்தாரு” என்றாள்.

கொல்லென்று சிரித்தார்கள். விமல்ராஜும் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்று, ஒருத்தி துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“சரி” என்று கட்டை மேஜைமேல் பிரித்து வைத்தாள் ஜெயசித்ரா. “யாரு சொல்றதையும் நான் எழுதிக்கப் போறதில்ல. அவனவன் கடைசியா எழுதினத எடுத்துக்கிட்டு பின்னாடி தாழ்வாரத்துக்கு வாங்க. வாசிங்க. கேட்டுட்டுப் போடறேன்.”

பிளாஸ்டிக் நாற்காலி அங்கேயே கிடந்தது. அவள் அதில் உட்காராமல் வகுப்பிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வரச் சொன்னாள். முதலில் பூர்ணிமா படித்தாள். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றுபோன ஒரு காலைப்பொழுதைப் பற்றி எழுதியிருந்தாள். இரண்டாவது பக்கத்தில், ‘கண்டக்டர் இறங்கிப் போனார்’ என்று படித்தவள், ‘டிரைவர்’ என்று ஆரம்பித்து, வினைச்சொல்லுக்கு வரும் முன்பே நின்று நிமிர்ந்தாள். ஜெயசித்ராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிக்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள். பிறகு, ‘பீடி பற்றவைத்தார்’ என்று முடித்தாள். தாளில் ‘பற்றவைக்கிறார்’ என்று இருந்தது.

“எழுதினது அப்டி இல்லியே.”

“வாயில வராது மேடம். வந்தா திரும்பிக்குவாரு.”

ஒரு பெண் முடிக்கவே இருபது நிமிஷம் பிடித்தது. இப்படியே போனால் அடுத்த வாரம்தான் முடியும். ஜெயசித்ராவுக்கு முகத்தைத் திருப்பத் தெரியவில்லை. திருப்பினால் தாளைப் பார்க்க முடியவில்லை, தாளைப் பார்த்தால் படிக்கிற பிள்ளையைப் பார்க்க முடியவில்லை. நாலாவது பையன் மூன்று வாக்கியத்தில் மூன்று காலத்துக்குப் போய்வந்தபோது, பொறுக்க முடியாமல் அவள் வாயிலிருந்து “கா!” என்று வந்தேவிட்டது.

வரிசையில் நின்றவர்கள் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து சிரித்தார்கள். “மேடமே கத்துறாங்கடா!” அவளும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. படிக்கிற பிள்ளை தடுக்கினால் அவளுக்கு முன்னால் வரிசையே “கா” என்றது. இவ்வளவு காலம் தன் முதுகுக்குப் பின்னால் கேட்டதை நேருக்கு நேர் கேட்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. ஆனால் எண் போடும்போதெல்லாம் கை தயங்கியது. பதினேழா, பதினெட்டா? அவர் என்ன போட்டிருப்பார்? கேட்க ஆளில்லை. தானாக ஒன்றைப் போட்டாள். போட்டதும், அது அவருடைய எண் இல்லை, தன்னுடையது என்று தோன்றியது. அதற்கும் ஒரு எரிச்சல்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரே ஒருவன் தவிர மற்ற எல்லாரும் முடிந்தார்கள். பாக்கி இருந்தவன் இருசப்பன், பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துப் பையன்.

“எங்க அவன்?”

“மாமா போட்ல போயிருக்கான் மேடம். காலைலயே வந்துருப்பான், இஞ்சின் நின்னு போச்சாம். வேற போட்டு கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வருதாம். போன்ல சொன்னான்” என்றான் விமல்ராஜ்.

மூன்று மணிக்கு மதிவாணன் கல்லூரி மலர்வளையத்தோடு கிளம்பினார். பிள்ளைகள் கல்லூரி பஸ்ஸில் ஏறினார்கள். “வாங்க மேடம், போலாம். அந்த ஒருத்தனுக்கு ஆப்சென்ட் போட்டுடுங்க. ஒருத்தனுக்காக நீங்க பூசைக்கு வராம இருந்தா நல்லாவா இருக்கும்?”

“ஒருத்தன உட்டா எல்லாத்தையும் உட்ட மாதிரிதான் சார். குறிப்புல நீங்க என்னா எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“ஐயோ, நான் என்னா வில்லனா மேடம்?” என்றார் அவர். உண்மையிலேயே வருத்தமாகத்தான் கேட்டார். மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாலு மணி ஆனது. பூசை தொடங்கியிருக்கும். ஆளில்லாத துறை அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து அவள் எண்களை ஏற்றினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் திரையில் ஒரு சக்கரம் நின்று நிதானமாகச் சுற்றியது. பக்கத்தின் தலைப்பில் ‘பாட ஆசிரியர்: க்சாவியே’ என்றிருந்தது. குறிப்புக் கட்டத்தில், ‘மாணவர்கள் ஆசிரியர் முன்னிலையில் வாய்விட்டு வாசிக்க, வாய்மொழியாக மதிப்பீடு நடைபெற்றது’ என்று தட்டினாள். மதிவாணன் மாற்றினால் மாற்றட்டும்.

இருசப்பன் வந்தபோது நாலரை தாண்டிவிட்டது. டீசல் வாடை, முழங்கால் வரை ஈரம், தலையில் உப்பு. தாள்களைப் பாலிதீன் பைக்குள் சுருட்டி வைத்திருந்தான்.

“மேடம், மன்னிச்சிக்கங்க. கயிறு வேற ரெண்டு தடவ அறுந்து போச்சி.”

“கத அப்புறம். வாசி.”

ஏழு பக்கம் எழுதியிருந்தான். கரைவலை இழுத்த ஒரு நாள். வேகமாகத்தான் படித்தான். இரண்டாம் பக்கத்திலேயே ‘இழுத்தோம்’ என்பது ‘இழுப்போம்’ ஆனது.

“கா.”

“இல்ல மேடம், தெனமும் அதானே செய்யறோம்?”

“நீ எழுதறது அந்த ஒரு நாள. தெனமும் செய்யறது யாருக்கு வேணும்?”

“முசேவும் இதாஞ் சொன்னாரு. ஆனா திட்டாம சொன்னாரு” என்றான். “‘அன்னிக்கு வலைல என்னா மீன் வந்துச்சி, அத மொதல்ல சொல்லுடா’ன்னாரு. நான் சுதும்புன்னேன். ‘எவ்ளோ?’ன்னாரு. ‘யாரு பிரிச்சா?’ன்னாரு. கேட்டுக்கிட்டே இருந்தாரு மேடம். அப்பறம் பாத்தா எல்லாம் போனோம் வந்தோம்னு தானா வந்துடிச்சி.”

“அப்பறம் ஏன் இது இழுப்போம்னு இருக்கு?”

“போட்ல ஒக்காந்து மறுபடி எழுதினேன். இருவது வாங்கலாம்னு.”

அவளுக்குத் திட்டவும் தோன்றவில்லை, சிரிக்கவும் தோன்றவில்லை. “படி, படி” என்றாள். ஐந்தாவது பக்கம் முடிந்து அவன் தாளைப் புரட்டியபோது திரை வெளுத்தது. நடுவில் ஒரே ஒரு வரி வந்தது: பதிவுக் காலம் முடிந்தது. அவன் பெயருக்கு எதிரே இருந்த கட்டம் காலியாகவே போய்விட்டது. அவள் விசைகளைத் தட்டிப் பார்த்தாள். வெளியேறி மறுபடி உள்ளே போனாள். அதே வரி. மேஜையை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பேனா ஸ்டாண்டு உருண்டது.

“மேடம், விடுங்க மேடம். அரியர் வெச்சி எழுதிக்கறேன்.”

“வாய மூடு. வண்டி இருக்கா?”

அவன் பைக்கில் இருவரும் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் சுவர் ஓரமாகக் கூட்டமாக நின்றார்கள். மேட்டின் மேல் மலர்வளையம் சரிந்து கிடந்தது. இருசப்பன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நேரே போய் ஒரு கை மண்ணை எடுத்துப் போட்டான்.

வெளுத்த முடியும் கறுப்பு கோட்டுமாக நின்றிருந்த பெரியவர் அவளிடம் வந்தார். “நான் கிளமான். க்சாவியேவுக்கு அண்ணன். நீங்கதான் சிவப்பு மை மதாமா?”

“ஆமாங்க. பூசைக்கு வர முடியல. மன்னிச்சிடுங்க.”

“பரவால்ல, பரவால்ல. பசங்க சொன்னாங்க. ஞாயித்துக்கிழம போன்ல உங்களப் பத்திப் பேசாம வெக்க மாட்டான். ‘அந்தம்மா மை ஊத்தி ஊத்தித் திருத்தறாங்க, பிள்ளைங்க பயந்துகிட்டு எழுதுதுங்க. என்கிட்ட அதுங்களுக்கு ஒண்ணும் பயம் இல்ல, அதனால நாலு தடவ எழுத வெக்கறேன்’னு சொல்லுவான்.” கொஞ்சம் நிறுத்தினார். “மெர்சி, மதாம். அவன் வேலய முடிச்சிக் குடுத்தீங்களாமே.”

“முடியலிங்க” என்றாள் அவள். “ஒண்ணு பாக்கி.”

அவர் அதை உபசாரப் பேச்சாக எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். உபசாரம் இல்லை என்று விளக்கிச் சொல்ல அவளுக்கு அந்த நேரத்தில் தெம்பு இல்லை. பத்தொன்பது பருவங்களில், போனில் அண்ணனிடம் சொன்ன அந்த நாலு வார்த்தையை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று மேட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்றதால் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மதிவாணன் தன் ஒப்புதலுக்கு வந்த பட்டியலில் குறிப்புக் கட்டத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். மாற்றவில்லை. “அந்தப் பையனுக்கு மட்டும் போர்ட்டலத் தெறக்கச் சொல்லிக் கேக்கறேன். ஒரு நம்பரு சொல்லுங்க, பதினேழா, பதினெட்டா?”

“இன்னும் முழுசாக் கேக்கல சார்.”

“அஞ்சு பக்கம் கேட்டீங்க இல்ல? ஏழும் ஒண்ணுதான மேடம்?”

அவள் பிள்ளைச்சாவடிக்குப் போன் போட்டாள். இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், கூட ஆள் வேண்டும், வியாழக்கிழமை வருகிறேன் என்றான் இருசப்பன். வியாழக்கிழமை அவன் வரவில்லை. அவனுடைய கட்டுரையில் ஆறாவது பக்கமும் ஏழாவது பக்கமும் இன்னும் வாசிக்கப்படவில்லை.